வாகன வினா விடை: டார்ஷன் பாரைக் கழற்றிவிட்டுக் காயிலோவர் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2004ஆம் ஆண்டு டொயோட்டா லேண்ட் குரூஸர் 100 இருக்கிறது. விடுமுறை நாட்களில் ஷர்கியா மணற்பரப்புக்கு ஓட்டிச் செல்வேன். முன்பக்கம் தாழ்ந்து தெரிந்ததால் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி 50 மில்லிமீட்டர் உயர்த்தினேன். அன்றிலிருந்து சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினாலே ‘தொம்’ என்று இடிக்கிறது. வண்டியும் கல் போல் இறுகிவிட்டது. டார்ஷன் பாரையே கழற்றிவிட்டு, ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றான காயிலோவர் போட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா, ஐயா?
— ஒரு வாசகர், மஸ்கட்

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் குறை அதனால் மட்டும் தீராது. போல்ட்டை முறுக்கினால் டார்ஷன் பார் இறுகிவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில்கூடப் பரவலாக இருப்பதால், முதலில் அதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

டார்ஷன் பார் என்பது முறுக்கப்படுவதால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் ஒரு எஃகுத் தண்டு. உங்கள் வண்டியில் அதன் முன்முனை, சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மிலும், பின்முனை சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் ஒரு நெம்புகோலின் வழியாகவும் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதன் விறைப்பு எஃகின் தன்மை, தண்டின் விட்டம், நீளம் ஆகிய மூன்றை மட்டுமே சார்ந்தது; இவற்றுள் விட்டம் நான்காம் அடுக்கில் பெருகுவதால், 10 சதவீதம் தடித்த தண்டு ஏறத்தாழ 46 சதவீதம் கூடுதல் விறைப்பைத் தரும். போல்ட்டை முறுக்கும்போது இந்த மூன்றில் எதுவும் மாறுவதில்லை. பின்முனையின் தொடக்கக் கோணம் மாறுகிறது, அதனால் வண்டி நிற்கும் உயரம் மாறுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் வண்டி ஏன் இறுகியது? சக்கரம் மேலே ஏறுவதற்கு ஓர் எல்லையும் கீழே இறங்குவதற்கு ஓர் எல்லையும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட மொத்தப் பயணம் ஆர்ம்களின் நீளத்தாலும் தடுப்பு ரப்பர்களாலும் முடிவாகிறது. கணக்குக்காக அதை 180 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நடுவில் நின்றால் மேலே 90, கீழே 90. நீங்கள் 50 உயர்த்திய பிறகு மேலே 140, கீழே வெறும் 40. மணல்மேட்டின் மறுபக்கத்தில் சக்கரம் இறங்கத் தேடும்போது 40 மில்லிமீட்டரிலேயே எல்லையில் போய் முட்டிக்கொள்கிறது. நீங்கள் கேட்கும் ‘தொம்’ அதுதான். அதே ஆர்ம்களை வைத்துக்கொண்டு அதே 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் காயிலோவர் போட்டாலும் அதே 40தான் மிஞ்சும். ஆகவே உயரத்தைப் பாதியாவது குறையுங்கள். அப்படிச் செய்தால் ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட் (சாய்ந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) சாய்வாக ஓடி அதன் ரப்பர் உறை கிழிவதும் குறையும். உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காயிலோவர் உண்மையில் எதற்கு உதவும் என்பது வேறு கதை. அலை அலையாகச் செதுக்கப்பட்ட மண்தடத்தில் அரைமணி நேரம் விரைந்து ஓடும்போது, சிறிய உடல் கொண்ட சாதாரண ஷாக் அப்சார்பரின் எண்ணெய் கொதித்து அதன் பிடி தளர்ந்துவிடும். பெரிய விட்டமும் தனி எண்ணெய்க் கலனும் கொண்ட ஷாக் அந்தச் சூட்டைத் தாங்கும். ஸ்பிரிங்கை நம் வண்டியின் எடைக்கேற்பத் தேர்ந்தெடுக்கவும், பிறகு மாற்றவும் முடிவது இன்னொரு நன்மை. இரும்பு பம்பரும் வின்ச்சும் ஏற்றிய வண்டிக்கு இது பெரிய வசதி. ஆனால் நல்ல ஷாக் மட்டும்தான் உங்களுக்குத் தேவை என்றால், டார்ஷன் பாரை அப்படியே விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் முதலில் அதைச் செய்துபாருங்கள் என்பேன். பாதிப் பேருக்கு அதற்குமேல் தேவைப்படுவதில்லை.

கேள்வி: ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருப்பதுதானே காயிலோவர்? பழைய ஷாக்கைக் கழற்றிய இடத்தில் அதை மாட்டினால் வேலை முடிந்துவிடும் அல்லவா? இதில் வெல்டிங், வலுவூட்டல் என்று செலவு சொல்வது எதற்காக?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மாட்டும் இடம் ஒன்றாக இருக்கலாம், அந்த இடம் சுமக்கப்போகும் பாரம் ஒன்றல்ல. டார்ஷன் பார் வண்டியில் ஷாக்கின் மேல்முனை பெரும்பாலும் ஒரு திருகு முனைதான். ஒரு தகட்டின் துளைக்குள் நுழைந்து, மேலும் கீழும் ஒவ்வொரு ரப்பர் வளையத்துடன் ஒரு நட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். சக்கரம் அசையும்போது எழும் தணிப்பு விசையை மட்டும் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்ட இடம் அது. வண்டியின் எடை அதன்மீது ஒருபோதும் அமர்ந்ததில்லை. ஆர்மின் புஷ்களும், டார்ஷன் பார் பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டமுமே அந்த எடையைப் பகிர்ந்துகொண்டிருந்தன.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு முன்சக்கரத்தின்மேல் 500 கிலோ இறங்குகிறது. சக்கரம், பிரேக், ஹப் ஆகியவற்றின் எடையாக 50 கிலோவைக் கழித்தால் ஸ்பிரிங் தாங்க வேண்டியது 450 கிலோ. ஷாக் கீழ் ஆர்மின் நுனியில் இருப்பதில்லை, உள்ளே தள்ளித்தான் இருக்கும். சக்கரம் 100 மில்லிமீட்டர் ஏறும்போது ஷாக் 60 மில்லிமீட்டர் சுருங்குகிறது என்றால் விகிதம் 0.6. நெம்புகோல் விதிப்படி ஸ்பிரிங்கில் விழும் பாரம் 450ஐ 0.6ஆல் வகுத்துக் கிடைக்கும் 750 கிலோ. வண்டி அசையாமல் நிற்கும்போதே அந்தத் தகட்டின்மீது முக்கால் டன் நிற்கிறது. மேட்டிலிருந்து குதித்து இறங்கினால் அது பலமடங்காகும்.

ஸ்பிரிங் தேர்வுக்கும் இதே கணக்குதான் உதவும். மில்லிமீட்டருக்கு 10 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங் 750 கிலோவுக்கு 75 மில்லிமீட்டர் சுருங்கும். சக்கரம் கீழே இறங்க 90 மில்லிமீட்டர் வைத்திருந்தால், ஷாக்கில் அது 54. மீதியுள்ள 21 மில்லிமீட்டரை, சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஸ்பிரிங்கைத் தாங்கும் கழுத்து வளையத்தைத் திருகி முன்னழுத்தமாகக் கொடுக்க வேண்டும். இந்த எண் சுழியத்துக்குக் கீழே போனால் ஸ்பிரிங் இருக்கையை விட்டு எழும்பிக் கடகடக்கும். மிகப் பெரிதாக வந்தால் விறைப்பான ஸ்பிரிங் வாங்க வேண்டும் என்று பொருள். இன்னொன்றையும் கவனியுங்கள்: சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு 0.6இன் வர்க்கமான 0.36 மடங்குதான், அதாவது மில்லிமீட்டருக்கு 3.6 கிலோ. கடைக்காரர் சொல்லும் ஸ்பிரிங் எண்ணை வேறொரு வண்டியின் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாததற்கு இதுவே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வண்டியைப் பரிசோதிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். வேறொரு பட்டறையில் பழைய தகட்டிலேயே காயிலோவரை மாட்டிக் கொடுத்திருந்தார்கள். உரிமையாளரின் புகார் ‘முன்னால் ஏதோ கிறீச் என்கிறது’ என்பது மட்டும்தான். சக்கர வளைவுக்குள் சேற்றைக் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், மேல்துளையைச் சுற்றி வண்ணப்பூச்சில் தலைமுடி பருமனுக்கு ஒரு கோடு, அதன் ஓரத்தில் துரு கசிந்திருந்தது. நகத்தால் வருடினால் ஒருபக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருப்பது தெரிந்தது. தகடு முக்கால் வட்டத்துக்குக் கிழிந்துவிட்டிருந்தது. ஆகவே காயிலோவரின் மேல்முனையைத் தாங்கச் சேஸிஸிலிருந்து எழும் புதிய கோபுரம், அதன் கீழ்முனையைக் கீழ் ஆர்மில் இருபக்கமும் பிடிக்கும் காதுகள், ஷாக் முழுதாக மூடுவதற்கு முன்பே சக்கரத்தை நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவை வீண் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: எனது பழைய ஹைலக்ஸ் டபுள் கேப் வாகனத்தில் டார்ஷன் பார் மேல் ஆர்மில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. கராஜில் கீழ் ஆர்மில் காயிலோவர் பூட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். இதில் ஏதேனும் வேறுபாடு உண்டா?
— ஒரு வாசகர், குருநாகல்

பதில்: உண்டு. இதைக் கேட்க உங்களுக்குத் தோன்றியதே நல்லது.

மேல் ஆர்மில் டார்ஷன் பார் இருக்கும்போது வண்டியின் எடை, கிண்ணத்துக்குள் பந்து சுழலும் மூட்டான மேல் பால் ஜாயின்ட் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. கீழ் பால் ஜாயின்ட் சக்கரத்தை இடத்தில் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் செய்கிறது. ஸ்பிரிங்கைக் கீழ் ஆர்முக்கு மாற்றிய கணத்தில் இருவரின் வேலையும் இடம் மாறிவிடுகிறது. இதுவரை எடையே சுமக்காத கீழ் ஜாயின்ட் இனி முழு எடையையும் சுமக்க வேண்டும். அதைவிட முக்கியம், எடை எந்தத் திசையில் விழுகிறது என்பது. பந்து கிண்ணத்துக்குள் அழுத்தப்படும்படி அமைந்திருந்தால் தேய்மானத்தோடு போகும். கிண்ணத்திலிருந்து பந்து வெளியே இழுக்கப்படும்படி அமைந்திருந்தால், தேய்ந்த ஒருநாள் அது கழன்று சக்கரம் மடிந்து விழும். வண்டியைத் தூக்கி, கீழ் ஆர்ம், சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் நக்கிளின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். இழுக்கும் அமைப்பாக இருந்து, அதற்கென வடிவமைத்த ஜாயின்ட் இல்லாமல் செய்து தருகிறேன் என்றால், அந்த கராஜுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: 2015ஆம் ஆண்டு மஹிந்திரா தார் வைத்திருக்கிறேன். புதிய தாரில் முன்னால் காயில் ஸ்பிரிங் இருக்கிறதே, டார்ஷன் பார் உள்ள என் வண்டிக்கும் அப்படி மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் சிக்கல் வருமா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: வர வாய்ப்பு இருக்கிறது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. வெட்டி ஒட்டிச் செய்த கோபுரத்தோடு ஒரு விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்லும் என்பதையும் எண்ணிப்பாருங்கள். தனியார் நிலத்தில் போட்டிக்கு மட்டும் ஓடும் வண்டியின் நிலை வேறு. தினமும் சாலையில் ஓட்டும் வண்டி என்றால் டார்ஷன் பாரோடு நல்ல ஷாக் போட்டு ஓட்டுங்கள் என்பதே என் கருத்து. 2020இல் வந்த புதிய தாரின் முன்பகுதி, சேஸிஸ் உட்படக் காயில் ஸ்பிரிங்குக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதன் உதிரிகளைப் பழைய வண்டியில் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: டார்ஷன் பார் காலாவதியான தொழில்நுட்பம்தானே?
— ஒரு வாசகர், ஆவடி

பதில்: இதை ஆவடியிலிருந்து கேட்கிறீர்களே! உங்கள் ஊர்த் தொழிற்சாலையில் உருவான டி-72, டி-90 டாங்கிகள் நாற்பது டன்னுக்கு மேற்பட்ட எடையோடு டார்ஷன் பார்களின் மேல்தான் நிற்கின்றன. அமெரிக்காவில் செவ்ரலே சில்வராடோ 1500, 2007ஆம் ஆண்டு மாடலில் காயிலோவருக்கு மாறியது; அதைவிடக் கனமான 2500, 3500 வண்டிகளோ அதற்குப் பிறகும் டார்ஷன் பாரையே வைத்துக்கொண்டன. ஆக்ஸில் செல்லும் இடத்தை மறைக்காமல் சேஸிஸை ஒட்டிப் படுத்துக்கொள்வது அதன் பெரிய வசதி.

கேள்வி: டார்ஷன் பாரை வீட்டிலேயே கழற்றலாமா?
— மஸ்கட் வாசகரே, இரண்டாவது கடிதத்தில்

பதில்: உரிய கருவி இல்லாமல் வேண்டாம். பின்முனை நெம்புகோலில் தேங்கியிருக்கும் விசை, போல்ட் மரை விட்டுப்போனால் கையை முறித்துவிடும். வண்டியைச் சேஸிஸில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, சக்கரங்களை முழுதும் தொங்கவிட்ட பிறகே போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அதற்கு முன்பு ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தையும், போல்ட்டில் வெளியே தெரியும் மரையின் நீளத்தையும் அளந்து எழுதிவையுங்கள். தண்டைப் பைப் ரிஞ்சால் பிடிக்கவே கூடாது. முறுக்கு விசை தண்டின் மேற்பரப்பில்தான் உச்சமாக இருப்பதால், அங்கே விழும் ஒரு கீறலே பின்னாளில் முறிவாக வளரும். இடது தண்டும் வலது தண்டும் எதிரெதிர்த் திசையில் முறுக்கிப் பழக்கப்பட்டவை. முனையில் பொறித்திருக்கும் அடையாளம் துருவில் மறைந்திருந்தால் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றியவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிரீஸ் தடவித் துணியில் சுற்றி நெம்புகோல்களோடு சேர்த்து வைத்திருந்தால், வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் பழையபடி வேண்டும் என்றால் ஒரு பகலில் திருப்பி மாட்டிவிடலாம்.