தகுதி பார்க்காமல் கொடுக்கிறவர் முன்னால்: வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இந்த முறை எடுத்திருக்கிறோம். கேட்டவர்கள் வேறு வேறு சபையினர். கடவுளிடம் கிருபை வாங்கப் போகும்போது எதை எடுத்துச் சொல்வது, எதை மறைப்பது என்ற தவிப்புதான் ஐந்திலும் இருக்கிறது.

சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் "நான் பெரிய பாவி, ஒன்றுக்கும் உதவாதவள்" என்று தயங்காமல் சொல்கிறேன். வீட்டில் "சாம்பாரில் உப்பு கூடிப்போச்சு" என்று அத்தை ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஐயா, என் தாழ்மை உண்மையா, வேஷமா?
– வாசகி, பாலக்கோடு

அம்மா, சபையில் நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது வலிக்காத உண்மை. "பெரிய பாவி" என்பதில் ஆள் இல்லை, நாள் இல்லை, செய்த காரியம் இல்லை. அதைச் சொல்வதால் நமக்கு ஒரு நஷ்டமும் வருவதில்லை. கேட்பவர்களிடம் மதிப்புத்தான் கூடுகிறது. அத்தை சொன்னதோ குறிப்பிட்ட ஒரு தவறு, அதுவும் இன்றைக்குச் செய்தது. அதனால்தான் சுட்டது.

சவுல் ராஜாவும் "நான் பாவஞ்செய்தேன்" என்று சொன்னவர்தான். 1 சாமுவேல் 15ஐ முழுக்கப் படித்துப் பாருங்கள். முதலில் "நான் கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்கிறார். ஒன்றையும் தப்பவைக்காமல் அழிக்கச் சொல்லியிருந்த ஆடுகள் கத்துவது கேட்டதும், அவை பலியிடுவதற்காக ஜனங்கள் தப்பவைத்தவை என்கிறார். கடைசியில் பாவத்தை ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, மூப்பர்களுக்கு முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேல் தீர்க்கதரிசியிடம் கேட்கிறார். தாவீது ராஜா, தன் பாவத்தைச் சுட்டிக்காட்டிய நாத்தான் தீர்க்கதரிசியிடம் சொன்னது ஒரே வரி. அந்த வரியில் வேறு யார் மேலும் பழி இல்லை, தனக்கென்று ஒரு கோரிக்கையும் இல்லை.

லூக்கா 18இல், ஜெபத்தில் தன் நல்ல காரியங்களை எண்ணிச் சொன்ன பரிசேயனும் பொய் சொல்லவில்லை. நியாயப்பிரமாணம் கட்டளையிட்ட உபவாசம் வருஷத்தில் ஒரு நாள், பாவநிவாரண நாள். அவன் வாரம் இரண்டு தரம் இருந்தான். தசமபாகமும் சரியாகக் கொடுத்தான். சொன்ன கணக்கெல்லாம் சரி; யாரை வைத்துத் தன்னை அளந்தான் என்பதில்தான் கோணல். அங்கே ஜெபிக்க வந்திருந்த ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனை, அளவுகோலாக எடுத்துக்கொண்டான். ஆயக்காரனும் பட்டியல் போடவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அவன் செய்தது ஊருக்கே தெரியும், தனியாகச் சொல்லத் தேவை இருக்கவில்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற அந்த ஜெபத்தில் "இனிமேல் ஒழுங்காக இருப்பேன்" என்ற வாக்குறுதி கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லாமல் வந்தவன் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான்.

பழகுவதற்கு ஒரு வழி. 1529இல் வந்த லுத்தரின் சிறிய ஞானோபதேசம், பத்துக் கற்பனைகளை வைத்து உன் நிலையைப் பார் என்கிறது: நீ தகப்பனா, தாயா, மகளா, எஜமானா, வேலையாளா? யாரைச் சொல்லால் புண்படுத்தினாய், எந்தக் கடமையை அசட்டை செய்தாய்? ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிஷம் போதும். அன்றைய காரியம் ஒன்றை எடுத்து, யாருக்கு, என்ன செய்தேன், எதற்காகச் செய்தேன் என்று மூன்றையும் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். "காலையில் அத்தை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பாத்திரத்தை ஓங்கி வைத்தேன், அவர்கள் மனசு நோகட்டும் என்றுதான் வைத்தேன்." இதில் "ஆனால்" வந்தால் அதோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வருவது வக்காலத்து. ஒன்றிரண்டு போதும், இல்லாத பாவத்தைத் தேடிக் கண்டுபிடித்து அறிக்கையைச் சித்திரவதையாக்க வேண்டாம் என்று அந்த ஞானோபதேசமே எச்சரிக்கிறது.

அறிக்கை செய்வது ஒரு பாதி, மன்னிப்பை வாங்கிக்கொள்வது மறுபாதி. பெரும்பாலானவர்கள் இந்த மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9ஐ வாய்விட்டுச் சொல்லி, அது எனக்கு என்று நம்பி எழுந்திருங்கள். முதல் பாதியோடு நின்றால் சோர்வுதான் மிஞ்சும். முதல் பாதியைத் தாண்டிக் குதித்தால் மன்னிப்பு எதைத் தொட்டது என்பதே தெரியாது.

காலையில் அத்தையிடம் வேதம் பேச வேண்டாம். "நேத்து நான் பேசாம இருந்தது தப்பு அத்தை" என்பது போதும். உப்பு கூடியிருந்தால், கூடித்தான் போச்சு என்று அதையும் சொல்லுங்கள். சாட்சி மேடையை விட இந்த இடத்தில்தான் தாழ்மை வளரும்.

மாங்காய் மண்டியில் பல சீசன் எடையைக் குறைத்து எழுதி விவசாயிகளை ஏமாற்றினேன். இப்போது மனந்திரும்பி ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன். கடவுளே மன்னித்த பிறகு பழையதைக் கிளற வேண்டுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

வேண்டும் அண்ணா. மன்னிப்பு கிடைப்பதற்காக அல்ல, கிடைத்துவிட்டதனால். லூக்கா 19இல் வரிசையைப் பாருங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொல்வது 5ஆம் வசனம். ஆயக்காரர் தலைவரான சகேயு, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுவது 8ஆம் வசனம். கிருபை முதலில் வந்தது, பணப்பை பிறகு திறந்தது. ஆட்டைத் திருடி விற்றவன் நாலு ஆடு கொடுக்கவேண்டும் என்ற யாத்திராகமச் சட்டத்தின் அளவை, யாரும் கேட்காமலே அவர் தன் மேல் போட்டுக்கொண்டார்.

எண்ணாகமம் 5:6–8 உங்கள் நிலைமைக்கு நேராகப் பேசுகிறது. செய்த பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலைத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். வாங்க வேண்டியவர் இல்லை என்றால் அவருடைய இனத்தானுக்கு. இனத்தானும் இல்லை என்றால் ஆசாரியனுக்கு.

கணக்கை இப்படிப் போடலாம். ஒரு விவசாயி மூன்று டன் வீதம் பத்து லோடு பெங்களூரா மாங்காய் போட்டார், டன்னுக்கு 20 கிலோ குறைத்தீர்கள் என்றால் 600 கிலோ. அந்தச் சீசனில் கிலோ 15 ரூபாய் விலை போயிருந்தால் 9,000 ரூபாய். ஐந்தில் ஒன்று 1,800. மொத்தம் 10,800. பழைய நோட்டு இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் சந்தேகம் வரும் இடத்தில் அவர் பக்கம் சாதகமாகவே போடுங்கள். கணக்கு எழுதிய தாளோடு நேரில் போய்க் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் எவ்வளவு என்று சொல்லி, தேதி தவறாமல் கட்டுங்கள். ஆள் இறந்திருந்தால் மனைவி, மக்களைத் தேடிப் போங்கள். யாருமே இல்லாத தொகையைப் போதகர் மூலமாக, உங்கள் பெயர் வராமல், ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். முழுத் தொகையையும் ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுத்துக் கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொள்வார்கள். அது விவசாயியின் பணம். அதில் காணிக்கை கொடுக்க நமக்கு உரிமை இல்லை. சிலர் விவசாயி கைக்குப் பணம் போகும் முன்பே அதைச் சபையில் சாட்சியாகச் சொல்லிவிடுவார்கள். சிலர் நேரில் போய், "அப்போ எல்லா மண்டியிலும் அப்படித்தான்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் அறிக்கை முழுவதும் அழிந்துபோகும். இன்னொன்று, "மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க" என்று அவரைக் கட்டாயப்படுத்துவது. அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலுக்கு வசனம் சொல்லாதீர்கள். மன்னிப்பது அவர் விருப்பம், கொடுப்பது உங்கள் கடன். தொகை பெரிது, வழக்கு வரலாம் என்றால் வக்கீலிடம் கேளுங்கள். எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள், கொடுக்காமல் தப்புவது எப்படி என்று அல்ல.

மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தால் ஒரு லட்சம் காணிக்கை என்று மாதா கோயிலில் பொருத்தனை செய்தேன். சீட் கிடைத்தது. ஃபீஸ் கட்டவே நகையை அடகு வைத்தோம். இப்போது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பயமாக இருக்கிறது.
– வாசகி, தருமபுரி

பிள்ளைக்கு வந்த காய்ச்சல் கடவுள் அனுப்பிய கடன் நோட்டீஸ் அல்ல, அம்மா. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அதே சமயம், சொன்ன வார்த்தையை மறந்த மாதிரி இருப்பதும் சரியில்லை.

லேவியராகமம் 27இல் ஒருவரைப் பொருத்தனை செய்தால் ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30 சேக்கல் என்று மதிப்பு போட்டிருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல் 8ஆம் வசனத்தில், அதைச் செலுத்த முடியாத ஏழை ஆசாரியன் முன் வந்து நிற்கட்டும், அவனுடைய திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பை மாற்றட்டும் என்று இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலும் பொருத்தனையிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. அதை எளிய வேறொன்றாக மாற்றித் தரவும் முடியும். பூசை முடிந்த கூட்டத்தில் கேட்காமல், பங்கு அலுவலகத்தில் நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். என்ன சொன்னேன், எப்போது சொன்னேன், இப்போது கடன் எவ்வளவு, என்ன முடியும் என்று கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொல்வதோடு விஷயம் முடிந்தது. இதற்காக வட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள்.

"கொடுத்தால் கொடுக்கிறேன்" என்ற பேச்சை இனி விட்டுவிடலாம். குஷ்டம் நீங்கவேண்டும் என்று வந்த நாகமான் பத்துத் தாலந்து வெள்ளியும், ஆறாயிரம் சேக்கல் பொன்னும், பத்து மாற்று வஸ்திரங்களும் கொண்டுவந்தார். எலிசா தீர்க்கதரிசி ஒரு காசு தொடவில்லை. குணமானதற்கு விலை கட்ட முடியாமல் கடனாளியாகவே அவர் ஊர் திரும்பினார். பின்னால் ஓடிப்போய் இரண்டு தாலந்து வாங்கிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்குக் குஷ்டம் வந்தது. நன்றிக் காணிக்கை கொடுக்க விருப்பமானால், வாங்கிய பிறகு, முடிந்ததை, நிபந்தனை இல்லாமல் கொடுங்கள்.

ஆன்லைன் ரம்மி. மன்னிப்புக் கேட்டு அழுகிறேன், சம்பளம் வந்ததும் மறுபடி விழுகிறேன். எந்த முகத்தோடு திருவிருந்துக்குப் போவது?
– வாசகர், ஓசூர்

தம்பி, அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், வாங்குவதைப் பற்றிய எச்சரிப்பு 1 கொரிந்தியர் 11இல் எதற்காக வந்தது என்று பாருங்கள். அந்தச் சபையில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் குடித்து வெறித்திருந்தான், இல்லாதவர்களை வெட்கப்படுத்தினார்கள். விழுந்து அழுகிறவனை வெளியே நிறுத்த எழுதியது அல்ல அது. தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கட்டும் என்றுதான் பவுல் எழுதுகிறார். சோதித்துவிட்டு விலகிப் போகட்டும் என்று எழுதவில்லை. நீங்கள் கத்தோலிக்கராக இருந்து, பாவம் கனமானது என்று மனசாட்சி சொன்னால், முதலில் பாவசங்கீர்த்தனம், பிறகு நற்கருணை.

திரும்பத் திரும்ப விழுவதற்குப் பெரும்பாலும் அரைகுறை அறிக்கைதான் காரணம். ஐம்பதாயிரம் கடனை வீட்டில் பதினைந்தாயிரம் என்று சொல்லியிருப்போம். மறைத்த முப்பத்தைந்தாயிரத்தை யாருக்கும் தெரியாமல் மீட்டுவிடலாம் என்ற ஆசைதான் அடுத்த ஆட்டத்துக்கு இழுக்கிறது. எந்த ஆப், எந்த ஆள் என்று பிரித்து முழுக் கடனையும் ஒரு தாளில் எழுதி மனைவியிடமோ அண்ணனிடமோ காட்டுங்கள். சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டும் யுபிஐயும் ஆறு மாசம் அவர்களிடம் இருக்கட்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து தனியாக இருக்கும் நேரத்துக்குச் சாதாரண போன் போதும். "இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்" என்று கடவுளிடம் பெரிய சத்தியம் செய்யாதீர்கள். இன்றைக்கு இருக்கும் கடனை இன்றைக்குச் சரியாகச் சொல்லுங்கள்.

கத்தோலிக்க உறவினர்களை "கிரியையால் மோட்சம் போகப் பார்க்கிறவர்கள்" என்று எங்கள் லுத்தரன் வீட்டில் பேசுகிறார்கள். சரியா?
– வாசகர், கிருஷ்ணகிரி

சரியில்லை. நீதிமானாவதற்கு முன்னால் வரும் எதுவும், அது விசுவாசமானாலும் கிரியையானாலும், அந்தக் கிருபையைச் சம்பாதிப்பதில்லை என்று 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கமே சொல்லியிருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் இதைப் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 1895இல் கிருஷ்ணகிரியில் லுத்தரன் ஊழியம் தொடங்கிய அமெரிக்க லுத்தரன் சபையான மிசோரி சினட் அதில் சேரவில்லை. மிச்சமிருக்கும் வேறுபாடுகள் பெரியவை என்பது அவர்கள் எண்ணம். வேறுபாடு உண்டு, அதைப் பேசலாம். ஆனால் கிருபையால் மட்டும் பிழைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, "நாங்கள் அவர்களைப் போல இல்லை" என்று நன்றி சொன்னால், லூக்கா 18இல் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1546 பிப்ரவரியில், சாவதற்கு இரண்டு நாள் முன்பு லுத்தர் எழுதி வைத்த கடைசிக் குறிப்பு, நாம் எல்லாரும் பிச்சைக்காரர்கள், இது உண்மை என்று முடிகிறது. அதை வீட்டில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.