தூண்டில் ரீல் பராமரிப்பு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடலில் மீன்பிடித்து வந்ததும் ஸ்பின்னிங் ரீலைக் குழாய்நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுகிறேன். ஆனாலும் சுற்றும்போது உள்ளே கரகரக்கிறதே?

பதில்: பீய்ச்சிக் கழுவுவதால்தான் கரகரக்கிறது. வேகமாகப் பாயும் நீர், வெளியே ஒட்டியிருக்கும் உப்பைக் கரைத்து, மூடிகளின் இடுக்கு வழியாகவும் கைப்பிடித் தண்டைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகவும் தண்டுகளைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையமான பேரிங் வரை கொண்டு சேர்த்துவிடுகிறது. வாளி நீரில் முழுக்கி எடுப்பதும் அதே தீங்கைத்தான் செய்யும். முதலில் டிராக் குமிழை நன்றாக இறுக்குங்கள் (மீன் இழுக்கும்போது நரம்பை, அதாவது தூண்டில் இழையை, அளவோடு விட்டுக்கொடுக்கும் தடைதான் டிராக்). அதன் உராய்வுத் தகடுகளான வாஷர்களின் அடுக்குக்குள் நீர் புகுவது குறையும். பிறகு தூறல்போல விழும் நன்னீரில் ரீலைச் சற்று நேரம் காட்டி, உதறி, துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். காய்ந்தபின் டிராக்கை முழுவதும் தளர்த்த மறக்காதீர்கள். இறுக்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) வாஷர்கள் நசுங்கித் தம் இழுவைச் சீர்மையை இழந்துவிடும்.

கேள்வி: டபிள்யூடி-40 அடித்து வைத்தால் போதாதா?

பதில்: போதாது. 1953-இல் உருவான அந்தத் திரவத்தின் பெயரே, ஈரத்தை விரட்டுவதற்கான நாற்பதாவது முயற்சி என்பதைத்தான் குறிக்கிறது. ஈரத்தை அது விரட்டும், துருவை இளக்கும். கூடவே பல்சக்கரத்தில் இருக்கும் கிரீஸையும் கரைத்துவிட்டுத் தானும் நெடுநாள் தங்காமல் போய்விடும். அடித்த அன்று ரீல் வழுக்கிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்து மகிழ்பவர்கள், பல்லோடு பல் உலர்ந்து தேய்வதைப் பின்னர்தான் உணர்கிறார்கள்.

கேள்வி: எங்கே கிரீஸ், எங்கே எண்ணெய்?

பதில்: மெதுவாகவும் அழுத்தத்தோடும் உரசும் இடத்துக்குக் கிரீஸ், வேகமாகச் சுழலும் சிறு பாகத்துக்கு எண்ணெய். முதன்மைப் பல்சக்கரத்துக்கும் அதோடு பொருந்தும் சிறு பல்சக்கரத்துக்கும், பற்களின் வடிவம் மறையாத அளவுக்கு மெல்லிய கிரீஸ் பூச்சு போதும். அப்பிவைத்தால் கைப்பிடி கனப்பதோடு மணலும் வந்து ஒட்டும். லைன் ரோலர் (நரம்பு உரசி ஓடும் சிறு உருளை), கைப்பிடிக் குமிழ், நரம்பைச் சுருளுக்கு வழிகாட்டும் வளைந்த பெயில் கம்பியின் மூட்டுகள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு சொட்டு எண்ணெய். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளைக் கிளட்சில் மட்டும் கிரீஸ் படவே கூடாது. உருளைகள் ஒட்டிக்கொண்டால், தூண்டிலை வெட்டி இழுக்கும் நொடியில் கைப்பிடி பின்னால் துள்ளும். அங்கே மிக இலேசான எண்ணெயின் ஈரம் பட்டாலே போதும்.

லைன் ரோலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் ரீல்களில் பெரும்பாலும் முதலில் இறுகிப்போவது அதுதான். நனைந்த நரம்பு ஓயாமல் அதன்மேல்தான் ஓடுகிறது. இறுகிய ரோலர் நரம்பை முறுக்கும். நாளடைவில் அதில் பள்ளம் விழுந்து நரம்பையே அறுக்கும். நரம்பைச் சற்று இழுத்துப் பிடித்தபடி கைப்பிடியைச் சுற்றுங்கள். ரோலர் உருளாமல் நரம்பு மட்டும் வழுக்கினால், அதைக் கழற்றிப் பார்க்கும் வேளை வந்துவிட்டது.

கேள்வி: என்னுடையது செராமிக் பேரிங். அதற்குப் பராமரிப்பு தேவையில்லைதானே?

பதில்: பெரும்பாலானவற்றில் குண்டுகள் மட்டுமே செராமிக். அவை ஓடும் வளையங்கள் எஃகு, அவை துருப்பிடிக்கும்.

கேள்வி: வேறு நிறுவனத்தின் துரு நீக்கும் ஸ்பிரே என்றால் பரவாயில்லையா?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள். பெயர் மாறினாலும் வேலை அதேதான்.

கேள்வி: கார்பன் டிராக் வாஷர்களை உலர்ந்த நிலையில்தான் பொருத்த வேண்டும். கிரீஸ் தடவினால் பிடிமானம் போய்விடும் அல்லவா?

பதில்: உச்சப் பிடிமானம் சற்றுக் குறையும் என்பது உண்மை. இருந்தாலும் கடல் ரீல்களில், டிராக்குக்கென்றே தயாரித்த கிரீஸை நான் தடவுகிறேன். கார்பன் தகடுகளுக்கு இடையே உலோகத் தகடுகள் இருக்கின்றன. உப்பீரம் புகுந்தால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்பவை அவைதாம்.

மறுப்பு: நான் பல ஆண்டுகளாக உலர்ந்தே பயன்படுத்துகிறேன், ஐயா. பெரிய மீன் ஓடும்போது பிடிமானம்தான் முக்கியம்.

பதில்: மீன் ஓடும்போது நரம்பு அறுவதைவிட, ஓடத் தொடங்கும் கணத்தில் அறுவதே அதிகம். நின்ற வாஷரை நகர்த்துவதற்கு, நகர்ந்துகொண்டிருப்பதை ஓட்டுவதைவிடக் கூடுதல் விசை வேண்டும். அந்த வேறுபாட்டைக் குறைப்பதே கிரீஸின் பணி. நரம்பு முனையைச் சுருள்வில் தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள். பத்து கிலோ தாங்கும் நரம்பென்றால் டிராக்கை இரண்டரை முதல் மூன்று கிலோவுக்குள் வைப்பது வழக்கம். தொடக்கத்தில் முள் நான்கைத் தொட்டுவிட்டுப் பின்பு மூன்றுக்கு இறங்கினால், உங்கள் டிராக் திக்குகிறது.

மறுப்பு: நன்னீரில் சிறு மீன் பிடிப்பவருக்குமா இது?

பதில்: இல்லை, அங்கே உலர்ந்த கார்பன் நன்றாகவே உழைக்கும், அந்த அளவுக்கு உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஃபெல்ட் வாஷரை மட்டும் எங்கேயும் உலர விடாதீர்கள்.

கேள்வி: பிரித்துப் பூட்டியபின் ஒரு மெல்லிய வளையம் மிஞ்சிவிட்டது. அது இல்லாமலும் சுற்றுகிறதே?

பதில்: சுற்றும், பற்களைத் தின்றபடி. பல்சக்கரங்களுக்கு இடையிலான நெருக்கத்தைச் சரிசெய்யும் இடைவளையம் அது. மறுபடி பிரியுங்கள். இந்த முறை ஒவ்வொரு படியிலும் ஒளிப்படம் எடுத்து, பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்குங்கள். சுருள்வில் உள்ள மூடியை ஒளி ஊடுருவும் பைக்குள் கைவிட்டுத் திறந்தால், வில் பறந்து தொலையாது. பூட்டும்போது திருகாணிகளின் புரியில் துளி கிரீஸ் தடவுங்கள். அலுமினிய உடலும் துருவேறா எஃகுத் திருகாணியும் உப்பீரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு, திருகாணி அங்கேயே இறுகிவிடும்.

கேள்வி: சமையல் எண்ணெய்? தையல் இயந்திர எண்ணெய்?

பதில்: முன்னது பிசினாகிவிடும், வேண்டாம். பின்னது நன்னீர் ரீலுக்குப் பரவாயில்லை. மெல்லியது என்பதால் அடிக்கடி இட வேண்டியிருக்கும்.

கேள்வி: எந்த ரீல் வாங்கலாம்?

பதில்: அதை விற்பவரிடமோ உங்கள் நீர்நிலையை அறிந்தவரிடமோ கேளுங்கள். நான் பழுதானவற்றை மட்டுமே பார்ப்பவன்.

கேள்வி: அழுத்தக் குழாயைத் தொலைவில் பிடித்துக் கழுவினால்?

பதில்: முதல் பதில்.

மறுப்பு தெரிவித்தவர் மீண்டும்: தராசில் கட்டிப் பார்த்தேன். முள் குதிக்கத்தான் செய்கிறது. கிரீஸை எவ்வளவு தடவுவது?

பதில்: வாஷரின் இருபுறமும் தேய்த்துவிட்டு, மேலே நிற்பதை விரலால் வழித்தெடுங்கள். பளபளப்பு தெரிந்தால் சரி. விளிம்பில் பிதுங்கினால் அதிகம்.