அமெரிக்காவுல 17 வயசுப் பொண்ணு அபார்ஷன் பண்ண அப்பா அம்மா கையெழுத்து வேணுமா?

எந்த ஸ்டேட்னு சொல்லாம இதுக்குப் பதிலே சொல்ல முடியாதுங்க, ஏன்னா 2022 ஜூன்ல சுப்ரீம் கோர்ட், அபார்ஷனை நாடு முழுக்க உரிமையாக்கியிருந்த பழைய ரோ தீர்ப்பைத் தூக்கினதுக்கு அப்புறம் அந்தந்த ஸ்டேட் வெச்சதுதான் சட்டம். மாசசூசெட்ஸ்னா வேணாம், 2020 கடைசியில வந்த சட்டப்படி 16, 17 வயசுல பொண்ணே முடிவு பண்ணிக்கலாம். 16க்குக் கீழன்னா அப்பா அம்மாவுல ஒருத்தர் சம்மதம் போதும், வீட்ல சொல்லவே முடியாத நிலைமைன்னா ஜட்ஜ்கிட்ட போகலாம், அது ரகசியமாத்தான் நடக்கும், பயப்பட வேணாம். 24 வாரம் வரைக்கும் காரணம் கேக்க மாட்டாங்க. டெக்சாஸ்ல கதையே வேற, தாய் உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்துன்னாதான், ரேப்னாகூட விலக்கு கிடையாது, கொடுமை!