தமிழ் கேள்வி-பதில்: ‘போல’ வந்தால் எல்லாம் உவமையா?

பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அணிகளின் விளக்கம் எல்லாம் மனப்பாடம். ஆனால் புதிதாக ஒரு குறளைக் கொடுத்து என்ன அணி என்று கேட்டால் மாட்டிக்கொள்கிறேன். வழி சொல்லுங்கள் ஐயா.
– மாணவி, தஞ்சாவூர்

விளக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். கவிஞர் சொல்ல வந்த பொருளின் கீழ் ஒரு கோடு, அதற்கு ஒப்பாகக் கொண்டுவந்ததன் கீழ் இரட்டைக் கோடு. முக்கால்வாசிக் குழப்பம் இதிலேயே தீரும்.

‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ (151). இரண்டு கோடும் விழுகிறது, நடுவில் ‘போல’ என்ற உருபும் இருக்கிறது. உவமையணி. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு’ (1). இங்கும் இரண்டு கோடு விழும், ஆனால் உருபு இல்லை. இரண்டும் தனித்தனி வாக்கியமாக நிற்கின்றன. எடுத்துக்காட்டு உவமையணி. ‘முதற்றே’ என்பதன் ஏகாரத்தை உவம உருபு என்று எழுதிவிடாதீர்கள், அது தேற்றம், அதாவது உறுதியைக் காட்டுவது.

‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ (10) என்பதில் பிறவியும் கடலும் ஒன்றாகவே ஆகிவிட்டன. அது உருவகம். ஆனால் பிறவியைக் கடலாக்கியவர் இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை. இப்படி ஒன்றை உருவகம் செய்து, அதனோடு தொடர்புடைய மற்றொன்றை விட்டுவிட்டால் ஏகதேச உருவகம். ‘ஏகதேசம்’ என்றாலே ஒரு பகுதி என்றுதான் பொருள்.

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்’ (475). மயிலிறகு ஏற்றிய வண்டியும், அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். இரட்டைக் கோடு மட்டுமே போட முடிகிறது. சொல்ல வந்த பொருள் குறளுக்குள் இல்லவே இல்லை. பிறிது மொழிதல் அணி. பலர் தவறுவது இங்கேதான். எளிய பகைவரும் பலராகச் சேர்ந்தால் வலியவனும் கெடுவான் என்பதே சொல்ல வந்த பொருள். உரையில் ‘பகைவர்’ என்று படித்திருப்பதால், அது குறளிலும் இருப்பதாக நினைத்து எடுத்துக்காட்டு உவமை என்று எழுதிவிடுகிறார்கள். உரையை மூடிவிட்டு மூலத்தில் மட்டும் கோடு போடுங்கள். மறைந்திருக்கும் பொருளை அதிகாரத் தலைப்பு காட்டிக்கொடுக்கும்: வலியறிதல்.

இன்னொரு பொறி. ‘போல’ வந்துவிட்டாலே உவமை அல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் அசையும் கொடிகள் ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்று வருகிறது. கொடி அசைவது காற்றால். கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று தடுப்பதாகச் சொல்வது இளங்கோவடிகள் ஏற்றிய காரணம். அதனால் அது தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் புதுக் காரணம் கற்பிக்கிறாரா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

விடைத்தாளில் விளக்கத்தையும் சான்றையும் எழுதிவிட்டு அணிப்பொருத்தத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எது எதற்கு ஒப்பு என்று இரண்டு வரியாவது எழுதுங்கள்.

‘பாட்டு, கட்டு’ என்று எதுகை வைத்து என் மகன் கவிதை எழுதியிருந்தான். எதுகை இல்லை என்று ஆசிரியர் அடித்துவிட்டார். சரியா?
– வாசகி, மதுரை

சரிதான். இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பாட்டுக்கு ‘மாட்டு’ எதுகை, கட்டுக்கு ‘பட்டு’ எதுகை. அடிகளின் கடைசியில் ஒலி ஒத்து வந்தால் அது இயைபு. சினிமாப் பாட்டைக் கேட்டு நாம் ‘எதுகை’ என்று மெச்சுவதில் பாதி இயைபுதான்!

சங்கப் பாடல் படிக்க அகராதியும் கையுமாக உட்கார்கிறேன். பாதிச் சொல் கிடைப்பதில்லையே?
– வாசகர், நாகர்கோவில்

சொல்லைப் பிரிக்காமல் தேடினால் கிடைக்காது. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தே அடி. ‘அறிதும்’ அகராதியில் இருக்காது; ‘அறி’ இருக்கும். ‘தும்’ தன்மைப் பன்மை விகுதி, ஆகவே ‘அறிந்தோம்’. ‘செம்புலப் பெயல்நீர்’ என்பதைச் செம்மை, புலம், பெயல், நீர் என்று நான்காக்குங்கள். பெயல் என்பது மழை. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்தன என்பது உவமை.

முதல் இரண்டு அடியில் யாய், ஞாய், எந்தை, நுந்தை என்று நான்கு உறவுச்சொற்கள். யாய் என் தாய், ஞாய் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. வெறுமனே ‘தாய், தந்தை’ என்று குறித்துக்கொண்டால் பாட்டே போய்விடும். ‘என்’னும் ‘உன்’னும் தனித்தனியாக நின்று, கடைசியில் நெஞ்சம் கலப்பதுதானே பாட்டு! பாடியவர் பெயர் தெரியாததால், இந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்றார்கள்.

தெரிந்த சொல்லிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். ‘வெறிநாற்றம்’ (1113) என்று வள்ளுவர் சொல்வது நறுமணத்தை. சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது அது வந்த அடியையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பாட்டுக்கு எட்டுச் சொல் போதும்.

அணிகள் மொத்தம் எத்தனை?
– மாணவர், சேலம்

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் பொருளணிகள் (பொருளால் அழகு தருபவை) 35. முதலாவது தன்மையணி, கடைசி பாவிகம். பாவிகத்தை ஒரு செய்யுளில் தேடாதீர்கள், அது காப்பியம் முழுவதும் பரந்து கிடக்கும் பண்பு.