போன் எடுக்காத நோயாளியைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ‘இறந்தவர்’ என்று பதியலாமா?

கூடாது. வடசென்னைக் காசிமேட்டு நோயாளி ஒருவர் மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை என்றால், அது இறப்புக்குச் சான்றாகாது. அவர் உயிருடன் இருந்ததாகக் கடைசியாக உறுதியான நாளையே கடைசித் தொடர்பு நாளாகப் பதியுங்கள். நீங்கள் அழைத்த தேதியை அங்கே இட்டால், உயிர்வாழ்வுக் கணக்கு, அதாவது நோய் கண்டபின் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பது, பொய்யாக நீண்டுவிடும்.

பெரும்பாலும் எண் மாறியிருக்கும், அல்லது குடும்பம் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குப் போயிருக்கும். முதலில் புறநோயாளிச் சீட்டு, கதிர்வீச்சுப் பிரிவின் அட்டை ஆகியவற்றைப் பாருங்கள்; அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்த மருமகனின் எண்தான் பல நேரம் கைகொடுக்கும். அதுவும் பலிக்காவிட்டால் மாநகராட்சியின் இறப்புப் பதிவில் தேடலாம். ஆனால் வயது, முகவரி, கணவர் அல்லது தந்தை பெயர் எல்லாம் பொருந்தாமல் ‘செல்வி’ என்ற பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள், வடசென்னையில் செல்விகள் ஏராளம்.

வீடு தேடிப் போனால், அண்டை வீட்டாரிடம் நோயின் பெயரைச் சொல்லவே கூடாது.