மார்கழி விருந்தாளிக்கு எந்தப் பூ? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 20 சென்ட் செம்மண் நிலமும் போர் தண்ணீரும் இருக்கிறது. முழுக்கக் குண்டுமல்லி போட்டு, செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களைத் தோட்டத்துக்கும் வரவழைக்க நினைக்கிறேன். சரிவருமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பூ விற்கச் சரிவரும், விருந்தாளிக்குச் சரிவராது. உங்கள் ஊருக்குக் கூட்டம் வருவது மழை ஓய்ந்து வெயில் தணிந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில். குண்டுமல்லியைக் கவாத்து செய்வதோ நவம்பர் கடைசி வாரம் முதல் டிசம்பர் முதல் வாரத்துக்குள். தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டியபின் அங்கே நிற்பது குச்சிதான். பூ வரத்து மார்ச்சில்தான் தொடங்கும். குளிரில் மல்லி விலை எகிறுவதே அப்போது பூ இல்லாததால்தானே!

அதனால் மல்லிக்கு 10 சென்ட் போதும். 1.25 மீட்டர் இடைவெளியில் சுமார் 250 செடி பிடிக்கும். ஓர் அடி ஆழ, அகலக் குழியில் 10 கிலோ மக்கிய தொழுவுரம் போட்டு நடுங்கள். பூக்கத் தொடங்கிய செடி ஒன்றுக்குக் கவாத்து முடிந்ததும் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம். ஜூன், ஜூலையில் இன்னொரு முறை அதே அளவு.

மார்கழிக்குக் கண்ணில் படவேண்டியது செண்டுமல்லி. ஆவணிக் கடைசியில் விதைத்து, ஒரு மாத நாற்றை 45 x 35 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். 4 சென்ட்டுக்கு ஆயிரம் நாற்று ஆகும். நட்ட 30ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடிக்கும். நட்டதிலிருந்து இரண்டு மாதத்தில் பூ. இடையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை இருப்பதால் மேட்டுப்பாத்தி கட்டாயம். தண்ணீர் ஒரு நாள் தேங்கினாலும் வேர் அழுகும்.

மீதியில் 4 சென்ட் டெல்லி ரகக் கனகாம்பரம், 2 சென்ட் நடைபாதை. கத்தரி, தக்காளி இருந்த இடத்தில் கனகாம்பரம் வைக்காதீர்கள். அந்த மண்ணில் தங்கியிருக்கும் நூற்புழு வேரில் முடிச்சு போட்டுவிடும்.

கேள்வி: மல்லிகைக் கொழுந்து இலை மஞ்சளாகிறது. யூரியா போட்டும் பச்சை ஏறவில்லை.
– வாசகி, தேவகோட்டை

பதில்: நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. உப்புத்தண்ணீர் பாயும் தோட்டங்களில் இது சகஜம், யூரியா உதவாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (பெரஸ் சல்பேட்) கலந்து மாதம் ஒரு முறை மாலையில் தெளியுங்கள். கலந்த உடனே தெளிக்க வேண்டும், பழுப்பேறிய கரைசல் பயன்படாது. அடி இலையும் சேர்ந்து மஞ்சளானால் ஒரு செடியைப் பறித்து வேரைப் பாருங்கள், கோளாறு அங்கே இருக்கலாம்.

கேள்வி: பூந்தோட்டம் பார்க்க வருகிறவர்களை என்ன செய்யவைக்கலாம்? அனுமதி வேண்டுமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: மல்லி மொட்டை விடியுமுன் பறிக்க வேண்டும், சுற்றுலாக்காரர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். விரிந்தபின் பறிக்கும் கனகாம்பரமே அவர் கைக்கு ஏற்றது, சீக்கிரம் வாடவும் வாடாது. வாழைநாரை அரைமணி நேரம் நனைத்து, மெல்லிசாகக் கிழித்துக் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். காய்ந்த நார் முடிச்சில் அறுந்துகொண்டே இருந்தால் புதியவர் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடுவார். மருந்தடித்த அன்று யாரையும் உள்ளே விடாதீர்கள், டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாளும் கழியட்டும்.

காசு வாங்கிச் சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். வெளிநாட்டவர் ஓர் இரவு தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தங்கும் அறைக்கு விவசாய இலவச மின்சாரத்தை இழுப்பது வம்பு, தனி இணைப்பு வாங்குங்கள்.

கேள்வி: தோட்டத்து நடைபாதைக்கு ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டு வீடுகளின் தரை ஓடு) பதிக்கலாமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: வேண்டாம். கண்ணாடி மேல் வார்ப்பதால் முகம் வழுவழுப்பானது, மழையில் வழுக்கும். வீட்டுக்குள் போட வேண்டிய கல் அது. வெளியே சரளைக் கொட்டி, மூன்றடி அகலத்துக்குக் கெட்டித்துவிடுங்கள்.