கிதார் வாசிப்பவர் வானொலி அறிவிப்பாளராக முடியுமா?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் பத்து ஆண்டுகளாக ராக் குழுவில் கிதார் வாசிக்கும் நீங்கள், வானொலிக்கு மாறலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக மாறலாம். ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் 2004 முதல் பல ஆண்டுகள் அமெரிக்க வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்தினார். அயர்ன் மெய்டன் ராக் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 2002 முதல் 2010 வரை பிபிசியின் 6 மியூசிக் வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். மனிதர் விமானமும் ஓட்டினார், அது வேறு கதை.

பாட்டறிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பழக்க வேண்டியது குரலைத்தான். மேடையில் மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக் கூட்டத்தைப் பார்த்துக் கத்துவோம். ஸ்டுடியோவில் மைக் ஒரு சாண் தள்ளி நிற்கும். கேட்பவரோ ஒரே ஒருவர், அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். அவரிடம் கத்த முடியுமா? பாட்டின் முன்னிசை ஓடும்போதே அதன்மேல் பேசுவோம்; அது 18 நொடி என்றால், பாடகர் தொடங்குமுன் 17ஆவது நொடியில் பேச்சு முடிந்திருக்க வேண்டும். தாளம் எண்ணிப் பழகிய உங்களுக்கு இது எளிது; எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

ஆகாசவாணி நிலையங்கள் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைக்கும். நம் பக்கத்துத் தமிழில் மலையாள ராகம் ஏறியிருக்கும், குரல் தேர்வில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தினமும் செய்தித்தாளை உரக்கப் படித்து, கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். முதல் வாரம் கேட்கச் சகிக்காது.